முன்பணத்தை விடுவதா, பிடித்து நிற்பதா? பெருந்தொற்றுக் காலப் பயணச் சேவைகள்: ஒரு மதிப்பீடு

“சார், நீங்களே ஒரு கேன்சல் மெயில் போட்டுடுங்க, மத்ததை நாங்க பாத்துக்குறோம்.” ஊரடங்கோ பயணத் தடையோ வரும் நேரத்தில் ஏஜென்சியிலிருந்து இப்படி ஒரு போன் வந்தால், அந்த மெயிலை மட்டும் போடவே கூடாது. 2020, 2021 ஆண்டுகளில் ரயில், விமானம், டூர், ஓட்டல் என எங்கே கட்டிய பணமானாலும், அது முழுதாகத் திரும்புமா என்பதைப் பெரும்பாலும் ஒரே கேள்விதான் தீர்மானித்தது: ரத்து செய்தது யார்? பயணி ரத்து செய்தால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் பிடித்தம் அப்படியே பாயும். சேவை தருபவரோ அரசோ நிறுத்தினால் பிடித்தம் செய்பவர்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். இந்த அளவுகோலை வைத்துத்தான் கீழே ஒவ்வொரு சேவையையும் எடை போட்டிருக்கிறோம். அடுத்த முறை இப்படி ஒரு நிலை வந்தால் எந்தத் தேதிவரை பொறுக்கலாம், எப்போது கைகழுவலாம் என்பதும் இதிலிருந்தே வரும்.

ரயில்

இருப்பதிலேயே சுத்தமாக நடந்துகொண்டது ரயில்வேதான். 2020 மார்ச் 22-இல் பயணிகள் ரயில்கள் நின்றன. ரத்தான ரயில்களின் இ-டிக்கெட்டுக்கு முழுக் கட்டணமும் தானாகவே கணக்குக்குத் திரும்பும், பயணிகள் தாங்களாகக் கேன்சல் செய்ய வேண்டாம் என்று ஐஆர்சிடிசி அறிவித்தது. இந்த அறிவிப்புக்குக் காரணம் உண்டு. ரயில் ரத்து என்று கணினியில் பதிவாகும் முன்பே பயணி முந்திக்கொண்டு கேன்சல் பட்டனைத் தட்டினால், அது சாதாரண ரத்தாகக் கணக்கில் ஏறிப் பிடித்தம் போகும். கவுன்டரில் எடுத்த டிக்கெட்டுக்கு நேரில் போயாக வேண்டும். 2020 மார்ச் 21 முதல் ஜூலை 31 வரையிலான பயணத் தேதிகளுக்கு அந்தக் கெடுவை ரயில்வே முதலில் ஆறு மாதம், பிறகு ஒன்பது மாதம் என்று நீட்டியது. இணையப் பதிவுக்கான கன்வீனியன்ஸ் ஃபீ திரும்பாது. அது சில பத்து ரூபாய், விட்டுவிடலாம்.

அரசு சார்ந்த இன்னொரு நல்ல உதாரணம் ஹஜ். 2020 ஜூன் 22-இல், அந்த ஆண்டு ஹஜ் தங்கள் நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான் என்று சவுதி அறிவித்தது. மறுநாளே, விண்ணப்பித்திருந்த 2,13,000 பேருக்கும் எந்தப் பிடித்தமும் இல்லாமல் முழுப்பணமும் வங்கிக் கணக்கில் திரும்பும் என்று இந்திய அரசு சொன்னது. அதற்கு முன்பே, ஜூன் தொடக்கத்தில், தானாக விலகுபவர்களுக்கும் நூறு சதவீதம் தருவதாக இந்திய ஹஜ் கமிட்டி சுற்றறிக்கை விட்டிருந்தது. யார் முதலில் ரத்து செய்தார் என்ற கேள்வியே எழாத அபூர்வமான இடம் அது.

விமானம்

இங்கேதான் குழப்பம் ஆரம்பம். விமான நிறுவனங்கள் பணத்தைத் திருப்பாமல், பின்னால் வேறு டிக்கெட்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லி, ‘கிரெடிட் ஷெல்’ என்ற பெயரில் தங்களிடமே வைத்துக்கொண்டன. இது விதிக்கே எதிரானது. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2016-இல் திருத்திய பயணிகள் விதிகளின்படி, பணத்தை கிரெடிட் ஷெல்லாக வைப்பது பயணியின் விருப்பம், நிறுவனத்தின் வழக்கமாக இருக்கக் கூடாது. கிரெடிட் கார்டில் வாங்கிய டிக்கெட்டுக்கு ஏழு நாளிலும், ஏஜென்ட் மூலம் வாங்கியதற்கு முப்பது வேலை நாளிலும் பணம் திரும்ப வேண்டும் என்றும் அதே விதி அப்போது சொன்னது. விதி இருந்தது, காசு வரவில்லை.

2020 ஏப்ரல் 16-இல் விமானப் போக்குவரத்து அமைச்சகம் கொடுத்த ஆணை பாதிப் பேருக்குத்தான் உதவியது. ஊரடங்கு தொடங்கிய பிறகு டிக்கெட் வாங்கியவர்களுக்கு முழு ரீஃபண்ட். பிப்ரவரியிலேயே வாங்கி வைத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. திட்டமிட்டு முன்கூட்டியே வாங்கியவன் ஏமாளி, ஊரடங்குக்கு நடுவில் வாங்கியவன் புத்திசாலி என்பதுபோல் ஆனது. இதை உச்ச நீதிமன்றம், பிரவாசி லீகல் செல் என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில், 2020 அக்டோபர் 1-இல் ஓரளவு சரிசெய்தது. அதன் சாரம் இது. மார்ச் 25 முதல் மே 24 வரையிலான ஊரடங்குக் காலத்தில், அதே காலத்துக்குள் பயணம் செய்ய வாங்கிய டிக்கெட்டுக்கு உடனடி முழு ரீஃபண்ட். அதற்கு முன்பு வாங்கிய, மே 24 வரையிலான பயணத் தேதிகளுக்கு 15 நாளில் ரீஃபண்ட். நிதி நெருக்கடியால் முடியாவிட்டால் 2021 மார்ச் 31 வரை செல்லும் கிரெடிட் ஷெல். அதை வேறு தடத்துக்கும் பயன்படுத்தலாம், இன்னொருவர் பெயருக்கும் மாற்றலாம். பயன்படுத்தாமல் மிஞ்சினால் கெடு முடிவில் ரொக்கம்.

அந்த ஷெல் சும்மா கிடக்கவும் கூடாது என்றது தீர்ப்பு. ரத்தான நாளிலிருந்து 2020 ஜூன் 30 வரை மாதத்துக்கு 0.5 சதவீதமும், அதன்பின் மாதத்துக்கு 0.75 சதவீதமும் மதிப்பு கூடும். ஏப்ரலில் ரத்தான 40,000 ரூபாய் டிக்கெட் என்றால் ஜூன் முடிய மூன்று மாதத்துக்கு 600, பிறகு ஒன்பது மாதத்துக்கு 2,700. ஆக 43,300. பலர் மெயிலில் வந்த ஷெல் தொகையைத் திறந்தே பார்க்கவில்லை. பார்த்தவர்களிலும் இந்தக் கூடுதலைக் கணக்குப் போட்டுக் கேட்டவர் குறைவு.

ஏஜென்ட் மூலமோ பயணத் தளம் மூலமோ வாங்கிய டிக்கெட்டில் இன்னொரு சிக்கல். பணம் வந்த வழியே திரும்பிப் போகும்: விமான நிறுவனம் ஏஜென்ட் கணக்கில் போடும், அங்கிருந்து பயணிக்கு வர வேண்டும். இந்த இரண்டாவது கட்டத்தில்தான் பணம் ஆண்டுக்கணக்கில் சிக்கியது. 2024 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் யாத்ரா என்ற பயணத் தளத்துக்குப் பிறப்பித்த ஆணையே சாட்சி. 2021-இல் அந்தத் தளத்தில் நிலுவையில் இருந்த கொரோனா கால ரீஃபண்ட் சுமார் 26 கோடி ரூபாய். மூன்று ஆண்டு கழித்தும் சுமார் இரண்டரைக் கோடி பாக்கி. ஆகவே நெருக்கடிக் காலத்தில் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும் என்றால் விமான நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக எடுங்கள். தளத்தில் கிடைக்கும் முந்நூறு ரூபாய் கூப்பன் இந்தத் தலைவலிக்கு ஈடாகாது.

வெளிநாட்டிலிருந்து கிளம்பும் டிக்கெட் என்றால் சட்டம் பயணி பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானம் ரத்தானால், 261/2004 ஒழுங்குமுறைப்படி ஏழு நாளில் ரீஃபண்ட். பெருந்தொற்று என்ற காரணம் ரீஃபண்டைத் தடுக்காது, கூடுதல் இழப்பீட்டைத்தான் தடுக்கும். அமெரிக்காவுக்கோ அங்கிருந்தோ போகும் விமானங்களுக்கும் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2020 ஏப்ரலிலேயே இதைச் சொல்லிவிட்டது. 2022 நவம்பரில் ஏர் இந்தியா 12.15 கோடி டாலர் ரீஃபண்ட் தர வேண்டிவந்ததும், அதன் மேல் 14 லட்சம் டாலர் அபராதம் கட்டியதும் இந்த விதியால்தான். சென்னை–நியூயார்க் டிக்கெட் வைத்திருப்பவர் இந்தியாவில் மட்டும் புகார் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதில்லை.

டூர் பேக்கேஜ்: முன்பணத்தின் உண்மையான சோதனை

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விமானக் கட்டணத்துக்குத்தான். டூர் பேக்கேஜ் எடுத்தவர்களுக்கு அப்படி ஒரு தனிப் பாதுகாப்பு கிடையாது. இருப்பது ஒப்பந்தம், ஒப்பந்தச் சட்டம், நுகர்வோர் சட்டம். அதனால் மொத்த மதிப்பீட்டில் கடைசி இடம் இதற்குத்தான், ஆனால் முடிவெடுக்க அதிகம் யோசிக்க வேண்டியதும் இங்கேதான்.

முதலில், எந்த நாளில் ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம் என்று சொல்லும் அட்டவணையைப் படிக்க வேண்டும். ஐரோப்பா குழுச் சுற்றுலா ஒன்றுக்குத் தலைக்கு 2,00,000 ரூபாய், முன்பணம் 30,000 என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அட்டவணை இப்படி இருக்கும்: புறப்பட 60 நாளோ அதற்கு மேலோ இருந்தால் முன்பணம் மட்டும் போகும், 59 முதல் 46 நாள் வரை 25 சதவீதம், அதாவது 50,000, 45 முதல் 31 வரை பாதி, 30 முதல் 16 வரை முக்கால், அதற்குள் வந்துவிட்டால் முழுதும் போச்சு. இதில் கவனிக்க வேண்டியது படிக்கட்டுகளைத்தான். 90-ஆம் நாளில் கேன்சல் செய்தாலும் 30,000, 60-ஆம் நாளில் செய்தாலும் 30,000. இடைப்பட்ட முப்பது நாளில் முந்திக்கொள்வதால் ஒரு பைசா மிச்சமில்லை. ஆனால் அந்த முப்பது நாளுக்குள் தூதரகம் விசா நிறுத்தலாம், விமானம் ரத்தாகலாம், ஏஜென்சியே டூரை நிறுத்தலாம். மூன்றில் எது நடந்தாலும் உங்கள் கை ஓங்கும். ஆக முடிவெடுக்கும் நாட்கள் நான்குதான்: 60, 46, 31, 16. மற்ற நாட்களில் வாட்ஸ்அப் வதந்தியைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கத் தேவையில்லை.

அடுத்தது, பலர் விழும் குழி. மீதித் தொகைக்கு ஒரு கெடு இருக்கும், பொதுவாகப் புறப்படுவதற்கு 45 நாள் முன்பு. “நிலைமை சரியில்லை, இப்போது கட்ட வேண்டாம்” என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில், கெடுவுக்குள் மீதி வராவிட்டால் பயணி ரத்து செய்ததாகவே கருதப்படும் என்று எழுதியிருக்கும். கட்டினாலும் ஆபத்து, கட்டாவிட்டாலும் ஆபத்து. வழி ஒன்று உண்டு. கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே மெயிலில் இப்படிக் கேளுங்கள்: “இந்தத் தேதிப் பயணம் உறுதியாகப் புறப்படுகிறதா, விசா விண்ணப்ப மையம் திறந்திருக்கிறதா, விமானமும் ஓட்டலும் உறுதியாகிவிட்டனவா என்று எழுத்தில் தெரிவிக்கவும். தெரிவித்ததும் மீதித் தொகையைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன்.” கடைசி வரி முக்கியம். நீங்கள் ஒப்பந்தத்தை நிறைவேற்றத் தயாராக இருந்தீர்கள், தடை எதிர்ப்பக்கம்தான் என்பதற்கு அதுவே ஆதாரம். விசா மையம் மூடியிருக்கும்போது எந்த ஏஜென்சியும் “உறுதி” என்று எழுதிக் கொடுக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, செய்யவே முடியாததாகிப் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 65-ஆம் பிரிவு, அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் வாங்கிய பலனைத் திருப்பித் தரச் சொல்கிறது. 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தண்டத் தொகை எவ்வளவாக இருந்தாலும் நியாயமான ஈடு மட்டுமே பெற முடியும் என்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அளவுக்கு மீறிய டெபாசிட்டையும் தண்டத்தையும் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றே வகைப்படுத்துகிறது. ஏஜென்சி உண்மையிலேயே செலவழித்து, திரும்பப் பெற முடியாமல் போன தொகை இருந்தால் அதற்கு ரசீது கேளுங்கள். விசாக் கட்டணம், விசா மையத்தின் சேவைக் கட்டணம் ஆகியவை திரும்பாது. அதைக் கழிப்பது நியாயம். ‘நிர்வாகச் செலவு 15,000’ என்று மொட்டையாக வந்தால் மறுத்து எழுதுங்கள்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு பொய் அடிக்கடி வரும்: “வரியை அரசுக்குக் கட்டிட்டோம், அதை மட்டும் தர முடியாது.” தவறு. மத்திய மறைமுக வரி வாரியம் 2020 ஏப்ரல் 13-இல் வெளியிட்ட 137-ஆம் சுற்றறிக்கை இதற்காகவே வந்தது. இன்வாய்ஸ் போட்டிருந்தால் ஏஜென்சி கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் காட்டும் கணக்கு ஆவணம்) போட்டு வரியைச் சரிக்கட்டலாம்; முன்பண ரசீது மட்டும் என்றால் ரீஃபண்ட் வவுச்சர் போட்டுத் திரும்பக் கோரலாம். சுற்றறிக்கை எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போனால் கணக்குப் பிரிவு பேசும் தொனியே மாறும்.

கிரெடிட் நோட்டை எடுப்பதா?

ஏஜென்சி தானாக டூரை நிறுத்தினாலும் ரொக்கம் தராமல், பின்னால் வேறு டூருக்குக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு கிரெடிட் நோட்டை நீட்டும். அதன் முக மதிப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. எத்தனை மாதம் செல்லும், அந்தக் கெடு பயணத் தேதிக்கா முன்பதிவுத் தேதிக்கா, தீபாவளி, கோடை விடுமுறை நாட்களில் செல்லுமா, குடும்பத்தில் இன்னொருவர் பெயருக்கு மாறுமா, கெடு முடிந்தால் ரொக்கமா பூஜ்யமா? கடைசிக் கேள்விக்குப் ‘பூஜ்யம்’ என்று பதில் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழைய விலையிலேயே இடம் தருவார்களா என்பதையும் எழுதி வாங்குங்கள். ஒரு லட்ச ரூபாய்க்கான கிரெடிட் நோட்டு கையில் இருந்து, அதே டூர் அடுத்த ஆண்டு 1,25,000 ஆகிவிட்டால், அந்த 25,000-ஐக் கட்டினால்தான் பழைய ஒரு லட்சம் உயிர்பெறும். எங்கள் கணக்கில், ஓராண்டுக்குள் கட்டாயம் பயணம் செய்யும் திட்டம் இல்லாதவருக்கு ஒரு லட்ச ரூபாய்க்கான கிரெடிட் நோட்டின் மதிப்பு எழுபதாயிரம்தான். எழுபதாயிரத்துக்கு மேல் ரொக்கமாகத் தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு நகர்வது மேல்.

நிறுவனம் தாங்குமா என்பது அடுத்த கேள்வி. கிரெடிட் நோட்டு வைத்திருப்பவர் சட்டப்படி பிணையில்லாக் கடன் கொடுத்தவர். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தியபோது, முன்பணம் கட்டியவர்கள் வங்கிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அந்த வரிசையிலிருந்து பணம் எடுப்பது கல்லில் நார் உரிப்பதுதான்.

ஓட்டலும் வாடகை வீடும்

இங்கே முன்பதிவு செய்த தேதிதான் எல்லாம். வாடகை வீடுகளைப் பதிவு செய்யும் தளமான ஏர்பிஎன்பி 2020-இல் வைத்த கோடு தெளிவானது: மார்ச் 14 அன்றோ அதற்கு முன்போ பதிவு செய்து, அன்றிலிருந்து தொடங்கும் தங்கலுக்கு முழு ரீஃபண்ட். முதலில் ஏப்ரல் 14 வரையிலான தேதிகளுக்கு, பிறகு நீட்டிப்பு. மார்ச் 15-இல் பதிவு செய்தவருக்கு ‘தெரிந்தே எடுத்தது’ என்று சாதாரண விதிதான். இடம் கொடுத்தவர்கள் கொதித்ததும் அவர்களுக்காக 25 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது வேறு கதை.

சிக்கலானது உள்ளூர் நிலைமை. 2020 ஆகஸ்ட் முடிவில் தமிழகத்தில் மாவட்டங்களுக்கு இடையே பயணிக்க வாங்க வேண்டியிருந்த இ-பாஸ் என்ற அனுமதி நீங்கியது. ஆனால் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காட்டுக்கு மட்டும் தொடர்ந்தது. ஓட்டல் திறந்திருக்கிறது, அறையும் தயார், உங்களுக்குப் பாஸ் கிடைக்கவில்லை. ஓட்டல் தன் பங்கைச் செய்யத் தயாராக இருப்பதால் 56-ஆம் பிரிவைக் காட்டி முழுப்பணம் கேட்பது கடினம். நிராகரிக்கப்பட்ட இ-பாஸின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பித் தேதி மாற்றம் கேளுங்கள். காலி அறையை வைத்திருக்கும் மேலாளருக்கு அது ரீஃபண்டைவிட எளிது. வார நாளுக்கு மாறச் சம்மதித்தால் கூடுதல் கட்டணமும் பெரும்பாலும் வராது.

பயணக் காப்பீடு

இதை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம். சாதாரணப் பாலிசியில் பயண ரத்துக்கான ஈடு, பாலிசிதாரரோ நெருங்கிய உறவினரோ இறந்தாலோ மருத்துவமனையில் சேர்ந்தாலோ கிடைக்கும். போகப் பயமாக இருக்கிறது என்பது காரணமாகாது. பாலிசி வாங்கும் நாளில் ஏற்கனவே செய்தியில் வந்துவிட்ட ஆபத்தும் ‘தெரிந்த நிகழ்வு’ என்று கழிந்துவிடும். பயணமே நடக்காவிட்டால், பாலிசி தொடங்கும் தேதிக்கு முன் ரத்து செய்து பிரீமியத்தையாவது கேட்டு வாங்குங்கள். நீங்கள் பயணம் போகவில்லை என்பதற்குச் சான்றாகப் பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லாத பக்கங்களின் நகல் கேட்பார்கள்.

பணம் வராவிட்டால்

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தைத் திரும்ப எடுத்துத் தரும்படி, கேட்கலாம். விசா (Visa) கார்டு நிறுவனத்தின் விதிப்படி, சேவை கிடைக்க வேண்டிய தேதியிலிருந்து 120 நாள் கெடு. டூர் மே மாதம் என்றால் பிப்ரவரியில் பணம் கட்டியிருந்தாலும் கெடு மே மாதத்திலிருந்துதான் ஓடும். ஆனால் “சேவை கிடைக்கவில்லை” என்ற பிரிவில் வழக்கு நிற்க வேண்டுமானால் நீங்கள் ரத்து செய்திருக்கக் கூடாது. ரத்து செய்தால் அது வேறு பிரிவுக்குப் போகும். அங்கே ஏஜென்சி முன்கூட்டியே காட்டிய அந்தப் பிடித்தம் பற்றிய அட்டவணையை வங்கி முன் வைத்துவிடும். முதல் பத்தியில் சொன்ன மெயிலைப் போடாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். யுபிஐ, வங்கிப் பரிமாற்றத்தில் இந்த வசதி இல்லை.

அடுத்த படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சம் வரை புகார்க் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டு கெடு. ரசீது, அட்டவணை உள்ள ஒப்பந்தப் பக்கம், மெயில் தொடர், அரசுத் தடை ஆணையின் நகல் ஆகியவை போதும். போனில் பேசியதை அன்றைக்கே “இன்று பேசியபடி...” என்று மெயிலாக்கி வைத்தவர்களுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.

எப்போது விட்டுவிடலாம்?

சேவை ஓடிக்கொண்டிருக்கிறது, தடை எதுவும் இல்லை, உங்களுக்குத்தான் போக மனமில்லை என்றால் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. அப்போது பார்க்க வேண்டியது கட்டிவிட்ட பணத்தை அல்ல, இனி கட்ட வேண்டியதை. மேலே சொன்ன உதாரணத்தில் 30,000 போய்விட்டது என்று ஒதுக்கிவிட்டு, மீதி 1,70,000-க்கு இந்த நிலையில் இந்தப் பயணத்தைப் புதிதாக வாங்குவீர்களா என்று கேளுங்கள். கூடவே திரும்பி வரும் செலவையும் சேருங்கள். 2020 மே 24-இன் விதிகளில், வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஏழு நாள் சொந்தச் செலவில் (ஓட்டல் போன்ற இடத்தில்) நிறுவனத் தனிமையிலும் ஏழு நாள் வீட்டுத் தனிமையிலும் இருக்க வேண்டியிருந்தது. ஏழு இரவு ஓட்டல், சோதனைக் கட்டணம், பதினான்கு நாள் சம்பளமில்லா விடுப்பு எல்லாம் சேர்ந்தால் 30,000-ஐ எளிதாகத் தாண்டும். வீட்டில் சர்க்கரை நோயாளியோ வயதானவரோ இருந்தால் கணக்கே போட வேண்டாம், 60-ஆம் நாளன்று விட்டுவிடுங்கள்.

விடுவது என்று முடிவான பிறகும் இரண்டு விஷயம் மிச்சம். ‘திரும்பப் பெற முடியாத’ விமான டிக்கெட்டிலும் விமான நிலையப் பயனர் கட்டணமும் வரிகளும் உங்களுடையவை. டிஜிசிஏ விதிப்படி அவை திரும்ப வேண்டும், கேட்டால்தான் வரும். டூராக இருந்தால், விசா விண்ணப்பம் போகும் முன்பு பெயர் மாற்றம் அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். பல ஏஜென்சிகள் ஒரு சிறு கட்டணத்துக்கு வேறொருவரை உங்கள் இடத்தில் ஏற்றுக்கொள்ளும். போகத் துணிந்த ஒருவர் கிடைத்தால், 30,000-இல் இருபதோ இருபத்தைந்தோ அவரிடமிருந்தே வந்துவிடும்.